ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக

அந்த வண்டியில் டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கொள்வதில்லை என்பது அந்தத் தடத்தில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும். எலியும் பூனையும்கூட ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் எப்போதாவது சத்தம் கொடுத்துக்கொள்ளும். இவர்களுக்குள் விசில் மட்டும்தான். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. காலையில் வண்டியை எடுத்ததிலிருந்து கொண்டுபோய் ஷெட்டில் விடுகிறவரை இவ்வளவுதான் அவர்களுடைய மொத்தப் பேச்சு வார்த்தை.

இதில் கொடுமை என்னவென்றால், டிரைவர் ஒன்றும் மூன்றாம் மனுஷன் இல்லை. கண்டக்டரின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவன். கட்டி வைத்ததே கண்டக்டர்தான். "தங்கமான பையன். குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. தினம் பக்கத்துல இருந்து பாக்குறேன்மா" என்று அம்மாவிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் அவர். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன.

மழை பெய்த ஒரு மத்தியானம் வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு கடைச் சுவரை இடித்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் சாதித்தான் டிரைவர். முதலாளி கண்டக்டரைக் கூப்பிட்டு, "நீ சொல்லுய்யா" என்றார். அவர் சொல்லிவிட்டார். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. இவன் கையிலதான் போன் இருந்துச்சு." அவ்வளவுதான். ஒரு மாதம் டிரைவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நேற்று லைசென்ஸ் வாங்கிய பொடியன் ஒருவனிடம் வண்டியைக் கொடுத்தார் முதலாளி. அந்த அவமானம் அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

திரும்பி வந்த அன்று அவன் செய்த முதல் காரியம், தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டது. மச்சான் மூஞ்சி கண்ணில் படக் கூடாதாம். இரண்டாவது காரியத்தை வீட்டில் செய்தான். "உங்க அண்ணன் வீட்டு வாசப்படியை நீ மிதிச்சா, திரும்பி இந்த வாசப்படியை மிதிக்காத" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். வண்டிக்குள் நடந்ததற்கு வீட்டுக்குள் தண்டனை. ஆம்பளைப் புத்தி அது, எங்கே அடித்தால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும்.

அம்மா கண்டக்டர் வீட்டில் இருந்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீடு பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது, ஆனால் பஸ் படியில் ஏற அவளால் ஆகாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு டிரிப்பும் அந்த வண்டி கடந்து போவதைப் பார்ப்பாள். மகனும் அதில் இருப்பான், மருமகனும் இருப்பான். மகள் இருக்க மாட்டாள். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி இரண்டு ஸ்டாப் முன்னாலேயே வந்துவிடும், அங்கேயே இறங்கிவிடுவாள்.

மத்தியான டிரிப்பில்தான் தங்கை ஏறுவாள். முன்வாசலில் ஏறி, சாப்பாட்டுக் கேரியரை என்ஜின் மூடியின் மேல் புருஷனுக்கு வைத்துவிட்டு, கூட்டத்தில் நுழைந்து பின்னால் வருவாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். அந்தக் கிழிக்கிற நேரம்தான் அண்ணன் தங்கைக்குக் கிடைக்கிற நேரம்.

"அம்மா?"

"இருக்காங்க."

"கால்?"

"அப்படியேதான்."

இவ்வளவுதான். ஆனால் இதற்காகத்தான் அவர் அந்த வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வேறு தடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று முதலாளி சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றார். வீம்பு பிடித்தவர் என்று ஷெட்டில் பேசினார்கள். பேசட்டும். இந்த வண்டியை விட்டால் தங்கை முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்பது அவர்களுக்கா தெரியும்?

இப்படிப் பல்லைக் கடித்துக் கடித்தோ என்னவோ, கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிளந்து, கன்னம் வீங்கி, கடைசியில் எடுத்தே ஆக வேண்டும் என்று வந்து நின்றது. பல் டாக்டரம்மா நல்ல மாதிரிதான். வலிக்காமல் எடுத்தார். எடுத்துவிட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

"உறிஞ்சக் கூடாது. காறித் துப்பக் கூடாது. ஊதக் கூடாது. குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கும், அதுதான் அதுக்கு மூடி. அது பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா உள்ள எலும்பு தெரியும். அப்புறம் வலி வாயோட நிக்காது, தலைக்கு ஏறும்."

கண்டக்டர் பஞ்சோடு குழறினார். "விசில் ஊதலாமா டாக்டர்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னார்.

"அப்ப லீவு போடுங்க."

லீவு போடுவதாம். ஷெட் வாசலில் எப்போதும் ஒரு மாற்று கண்டக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி காத்திருப்பான். யார் லீவு போட்டாலும் அவன் ஏறிக்கொள்வான். ஏறினால் ஏறினதுதான், அவனாக இறங்கினால்தான் உண்டு. அந்த ஷெட்டின் சட்டம் அப்படி. கண்டக்டர் மறுநாள் காலையில் வாயில் பஞ்சும் கழுத்தில் விசிலுமாக வேலைக்குப் போய்விட்டார்.

முதல் ஸ்டாப்பில் ஆட்கள் ஏறினார்கள். வண்டியின் மணி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. கண்டக்டர் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லா ஊரிலும் எல்லா டிரைவருக்கும் அது புரியும். வண்டி நகரவில்லை. மறுபடி தட்டினார். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, காலையும் மத்தியானமும் தினம் முன்சீட்டில் உட்காரும் பெரியவரிடம் பேச ஆரம்பித்தான். கண்டக்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் அந்தப் பெரியவரிடம்தான் சொல்வான்.

"விசில் வரலியே பெரியவரே. விசில் வராம நான் எடுத்து, யாராவது படியில இருந்து விழுந்து வெச்சா? அப்புறம் டிரைவர் போன்ல பேசிட்டிருந்தான்னு சாட்சி சொல்றதுக்குத்தான் இந்த வண்டியில ஆள் இருக்கே."

பெரியவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். முழு பஸ்ஸும் பார்த்தது.

வாயைத் திறந்து "ரைட்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் தோன்றுகிறது, உங்களுக்கும் தோன்றும். ஆனால் சொன்னால் இவர் முதலில் பேசியதாக ஆகிவிடும். தப்புச் செய்தவன் அவன், வாசல்படியை அடைத்தவன் அவன், இறங்கிப் போக வேண்டியவர் இவரா? அந்த வீராப்பு இருக்கிறதே, அது பல்லை விட ஆழமாக வேர் விட்டிருந்தது. கண்டக்டர் பஞ்சைத் துப்பிவிட்டு, விசிலை வாயில் வைத்து இரண்டு ஊது ஊதினார். வண்டி கிளம்பியது. குழிக்குள் எதுவோ வழுக்கியது மாதிரி இருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது.

சாயந்தரம் தொடங்கியது தலைவலி. பல்வலி போய்த் தலைவலி வந்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. தாடையில் கிளம்பி, காதுக்குள் புகுந்து, நெற்றிப்பொட்டில் வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து உளியால் கொத்தியது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஒரு கொத்து. யாராவது சில்லறையைக் குலுக்கினால் ஒரு கொத்து. விசில் ஊதினாலோ, ஊதுவது வெளியிலா தன் மண்டைக்குள்ளா என்றே தெரியவில்லை. மாத்திரை போட்டார். மாத்திரைதான் கரைந்தது.

வீட்டில் அம்மா சும்மா இருந்தாளா? அவள் வாய் எப்போதும் அப்படித்தான்.

"இந்தக் குடும்பம் கெட்டதே உன் வாயாலதான். பல்லைப் புடுங்கினதுக்கு நாக்கைப் புடுங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"நான் பொய் சொல்லியிருக்கணுமாம்மா?" என்றார் கண்டக்டர், தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"உன் உண்மைய நீயே பத்திரமா வெச்சுக்கடா. எனக்கு என் பொண்ணு மூஞ்சியக் காட்டு. நான் போறதுக்குள்ள காட்டு."

கண்டக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா மறுபடி அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஊதுனீங்களா?"

"கொஞ்சம்."

"இது கொஞ்சமா? எலும்பு பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது." குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கும் மருந்தில் ஒரு துணி நாடாவைத் தோய்த்து உள்ளே அடைத்தார். "இனிமே ஊதினீங்கன்னா இதுவும் வெளியில வந்துடும். வந்துச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்க. சொல்லிட்டேன்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். டிரைவருக்குத் தெரியவா போகிறது, அவன் அதை வைத்து விளையாட ஆரம்பித்தான். கன்னத்து வீக்கத்தை ஷெட்டில் பார்த்துவிட்டான் போல. அடுத்த நாள் ஸ்டாப்பில் மட்டும் இல்லை, சிக்னலில் நின்று எடுப்பதற்கும் விசில் கேட்டான். ஊதினால், "சரியா கேக்கலியே பெரியவரே" என்று காதைக் குடைந்தான். வேண்டுமென்றே பிரேக்கைக் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் ஒரு தலை கம்பியில் போய் இடிக்கும் என்று தெரிந்தே குத்தினான். பாவி.

மத்தியான டிரிப்பில் தங்கை ஏறினாள். கேரியரை வைத்துவிட்டுப் பின்னால் வந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நேற்றுவரை இல்லாத அளவுக்கு ஒரு பக்கம் பன் மாதிரி உப்பி, கண் சிவந்து, நெற்றியில் வேர்வை ஓட, கம்பியில் சாய்ந்து நின்றார் மனுஷன்.

"என்னண்ணா இது?"

"பல்லு."

"ஜுரம் அடிக்குதா?"

"தலை." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் ஏறியாகிவிட்டது. கண்டக்டர் விசிலை உதடு வரை கொண்டுபோனார், தலை சுற்றியது, இறக்கிவிட்டார். தகரத்தில் தட்டினார். முன்னாலிருந்து ஒரு அசைவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். பெரியவருக்கே பொறுக்கவில்லை.

"பாவம்பா, பல்லைப் புடுங்கியிருக்காரு. ஊத முடியலேன்னு பாத்தாலே தெரியுது. வேற யாராவது ஊதினா எடுப்பியா?"

"யார் ஊதினா எனக்கென்ன? ஒண்ணு அடிச்சா நிப்பேன், ரெண்டு அடிச்சா எடுப்பேன்" என்று டிரைவர் பின்சீட்டு வரை கேட்கிற மாதிரி சொன்னான். "அந்த வீட்டு நாய் ஊதினாலும் எடுப்பேன்."

சிலர் சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, பக்கத்தில் நின்ற வாலிபனிடம் நீட்டினார். அவன் அதைப் பார்த்தான், அவர் வாயைப் பார்த்தான். "உங்க வாயில இருந்ததா?" என்று பின்னால் நகர்ந்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

தங்கை கையை நீட்டி விசிலை வாங்கினாள். அவள் முகம் கறுத்திருந்தது. அந்த வீட்டு நாய் என்றால் யார் யார் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அண்ணன் ஒன்று. அம்மா ஒன்று. அந்த வீட்டில் பிறந்த அவளும் ஒன்று.

துடைக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வைத்தாள். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை நன்றாகவே வந்தது. இரண்டு விசில். வண்டி கிளம்பியது. அவன்தான் கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பி வைத்தவனாயிற்றே, பின்னால் ஊதுவது யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தடுத்த ஸ்டாப்பில் அவளே ஊதினாள். நிற்க ஒன்று, போக இரண்டு. கண்டக்டர் கண்ணை மூடிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு டிக்கெட் மட்டும் கிழித்தார். தையல் கம்பெனி வந்தது. பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். எல்லோரும் இறங்கியதும் இரண்டு விசில் கேட்டது. கண்டக்டர் கண்ணைத் திறந்தார். தங்கை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய், உன் ஸ்டாப்பு போயிடுச்சு."

"தெரியும்."

"ஷிப்ட்டு?"

"ஒரு நாள் அவங்களே தைச்சுக்கட்டும்."

கண்டக்டர் நெற்றியைக் கம்பியிலிருந்து எடுத்தார். தலைவலி கூட ஒரு நிமிஷம் எட்டிப் போனது. "வேணாம் பாப்பா. அவன் சொன்னா செய்வான். உன்னை உள்ள விட மாட்டான். நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன், நீ அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிப் போயிடு."

"நீ சமாளிக்கிற லட்சணம்தான் தெரியுதே" என்றாள் அவள். "உன்னைப் பாத்துக்கிட்டு, அவரைச் சகிச்சுக்கிட்டு, டிக்கெட் கிழிக்கிற நேரத்துல அம்மாவை விசாரிச்சுக்கிட்டு. போதும்ணா. நீ கொஞ்சம் பேசாம இரு, டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

அடுத்த ஸ்டாப்பிலும் அவள் இறங்கவில்லை. ஊதினாள், வண்டி போனது. ரோடு வளைந்தது. தூரத்தில் அந்த ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அங்கே ஸ்டாப் கிடையாது. தங்கை கைப்பையில் துழாவி ஒரு சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

"இதை முன்னாடி அனுப்பிடு. சாயந்தரம் நான் அங்க இருக்க மாட்டேன். வேணும்னா அவரே வந்து கூப்பிடட்டும். இந்த வாசலுக்கு வந்து."

சொல்லிவிட்டு ஒரே விசில் ஊதினாள், நீளமாக. நடு ரோட்டில் அப்படி ஒரு விசில் வந்தால் யாரோ படியில் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம், எந்த டிரைவரும் யோசிக்க மாட்டான். இவனும் யோசிக்கவில்லை. முழு பிரேக்கையும் மிதித்தான். வண்டி அலறிக்கொண்டு சரியாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றது.

அவள் விசிலை அண்ணன் கழுத்தில் மாட்டினாள். "நாய் இங்க இறங்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வெளிப்பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைக்க முடியாது, அது பிழைப்புக்கு வேண்டியது. அதில்தான் டிரைவர் பார்த்தான். படியிலிருந்து இறங்குவது யார் என்று பார்த்தான். எந்தக் கதவைப் பார்த்து நடக்கிறாள் என்று பார்த்தான். ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிழவி எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருப்பான். ஹாரனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் திரும்பவில்லை.

"எங்க போறா அவ?" என்றான். பெரியவரிடம் கேட்டானா, காற்றிடம் கேட்டானா தெரியாது. பக்கத்துக் கதவின் பிடியில் கை வைத்தான்.

அவன் இறங்கினால் என்ன ஆகும் என்று கண்டக்டருக்குத் தெரியும். ரோட்டிலேயே கையைப் பிடித்து இழுப்பான். அம்மா ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவன் இறங்கக் கூடாது, வண்டி போக வேண்டும். ஊத வேறு ஆள் இல்லை. கண்டக்டர் விசிலை எடுத்தார், வாயில் வைத்தார், நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி ஊதினார்.

முதல் விசிலில் குழியில் அடைத்திருந்த நாடா பிய்ந்து நாக்குக்கு வந்தது. எலும்பில் காற்றுப் பட்டது. மண்டை இரண்டாகப் பிளந்து பாதி தோளில் விழுந்துவிட்டது என்றே நினைத்தார். கண் இருட்டியது. ஒன்றோடு விட்டால் நில் என்று அர்த்தம். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டாவதையும் ஊதினார்.

வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற லாரிகள் கத்த ஆரம்பித்தன. பெரியவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு அடிச்சாச்சு டிரைவர்."

டிரைவர் கதவுப் பிடியை விடவில்லை.

"யார் ஊதினாலும் எடுப்பேன்னு நீங்கதான சொன்னீங்க. முழு பஸ்ஸும் கேட்டுச்சே."

"எடுய்யா வண்டிய" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "டயத்துக்குப் போக வேணாமா?" என்று இன்னொன்று. காலையிலிருந்து அவன் சொன்ன வார்த்தையை ஆளுக்கு ஒன்றாக அவனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். "விசில் வந்துடுச்சு, இன்னும் என்ன?" என்றாள் ஒரு அம்மாள், சற்று முன் சிரித்தவர்களில் ஒருத்தி. கதவுப் பிடியிலிருந்து கை இறங்கியது. கியர் விழுந்த சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. தன் பெண்டாட்டியை மச்சான் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கண்டக்டர் சாவியை முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறி அது முன்சீட்டுக்குப் போனது. பெரியவர் அதை என்ஜின் மூடியின் மேல், கேரியருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க வீட்டுச் சாவியாம். சாயந்தரம் அந்த வாசலுக்கு வந்து கூப்பிடணுமாம்."

கொஞ்ச தூரம் வண்டி சும்மா ஓடியது. பிறகு டிரைவர் கையைத் தூக்கினான். கூரையைப் பார்த்துக் கிடந்த கண்ணாடியைப் பிடித்துக் கீழே திருப்பினான். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் மச்சான் முகத்தை அதில் பார்த்தான்.

பார்க்கட்டும் என்று கண்டக்டர் வாயை நன்றாகத் திறந்து, ரத்தம் கட்டிய அந்தக் குழியைக் காட்டினார். தலை வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த ஸ்டாப் வந்தது. ஒரு விசில் ஊதினார். வண்டி நின்றது.